கம்பியில் குத்திய கடிதம்

இரண்டு மாதமாக ஒரு பெண் தபால் வரும் நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றால் செஞ்சிக் கடைத்தெரு சும்மா இருக்குமா? பட்டணத்தில் யாரோ இருக்கிறான் என்று முதல் மாதம் சொன்னது. அவன் கைவிட்டுவிட்டான் என்று இரண்டாம் மாதம் சொன்னது.

அப்படி எவனும் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஞானம்பாள் ஏங்கிக்கொண்டிருந்தது வாலிபாலுக்காக.

சென்னையில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. முடித்துவிட்டு சித்திரையில் அவள் ஊர் திரும்பியபோது, கூடவே ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. அதில் புடவை குறைவு. ஏழு கோப்பைகள், பதினொரு பதக்கங்கள், பல்கலைக்கழகச் சின்னம் தைத்த கோட்டு ஒன்று, தோல் பந்து ஒன்று. மூன்று வருஷம் கல்லூரி அணியில் ஆடி, மூன்று வருஷமும் கோப்பையைத் தூக்கியவள். கடைசி வருஷம் பல்கலைக்கழக அணிக்கே கேப்டனாகி வடக்கே போய், விரல் விறைத்துப்போகும் குளிரில் அரையிறுதி வரை ஆடிவிட்டு வந்தவள். அவள் இடது கைக்காரி. வலையை ஒட்டி அவள் எகிறினால், பார்க்க வந்த கூட்டம் "லெஃப்டு! லெஃப்டு!" என்று கத்தும்.

இங்கே கத்த யார் இருக்கிறார்கள்? ஆவணியில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய் ஆடிக் காட்டிவிட்டு வந்தாள். கடிதம் போடுகிறோம் என்றார்கள். கடிதம் வரவில்லை. அதற்குப் பதிலாகத் திண்டிவனத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அரிசி மில்காரர்கள். விஜயதசமியன்று பெண் பார்க்க வருகிறார்கள். பத்திரிகையில் வந்த அவள் படத்தைப் பார்த்துவிட்டு, பையனின் தாயார் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பியிருந்தாள்: "பந்தெல்லாம் இதோட போதும்."

இனி, சரஸ்வதி பூஜையன்று காலை.

சொக்கலிங்கத்தின் கயிறு, இரும்புச் சாமான் கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் கடை, பின்னால் குடித்தனம். விடிந்ததிலிருந்து அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தராசைத் துடைத்தார், எடைக்கற்களைக் கழுவினார், மண்வெட்டிகளை வரிசையாகச் சாத்தினார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அதோடு மகளின் கோப்பைகளைப் புளி போட்டுத் தேய்த்து, கோணலில்லாமல் அடுக்கிவைத்தார். கோப்பைகளுக்கு நடுவில் தோல் பந்து.

"இன்னா ஞானம், பந்துல காத்தே இல்ல?" என்றார் அதை அமுக்கிப் பார்த்து.

"ஆறு மாசமா ஆடாம கிடக்குது நைனா. இறங்கிப் போச்சி."

"அப்படியே வெச்சா நல்லாருக்காது. சைக்கிள் கடையில குடுத்து அடிச்சிட்டு வரேன், இரு."

அவரே எடுத்துக்கொண்டு போய்க் காற்றடித்துக்கொண்டு வந்தார். அதற்கும் மூன்று இடத்தில் சந்தனப் பொட்டு. நைனா எப்போதுமே இப்படித்தான். அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, கடைக் கயிற்றை எடுத்துத் தன் கையாலேயே முடிச்சுப் போட்டு, கொல்லையில் வலை கட்டிக் கொடுத்தவர் அவர்தான். இப்போது திண்டிவனத்துக்குச் சரி என்று சொன்னவரும் அவர்தான். இருவரும் ஒரே மனுஷரா என்று அவளுக்குச் சில நாள் சந்தேகம் வரும்.

கடைசியாக, சுவரில் தொங்கிய கடிதக் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கடைக்கு வரும் கடிதத்துக்குப் பதில் எழுதிப் போட்டதும், பின்பக்கத்தில் ஊதா பென்சிலால் ஒரு வரி குறித்து, அந்தக் கம்பியில் குத்திவிடுவது அவர் வழக்கம். வருஷா வருஷம் அந்தக் கொத்தும் பூஜையில் உட்காரும். எழுத்து எதுவாக இருந்தாலும் எழுத்துதானே என்பார். மேலேயும் பக்கவாட்டிலும் சந்தனத்தைத் தடவி, கணக்குப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார்.

அந்த வீட்டில் சரஸ்வதி பூஜைக்குச் சட்டம் கடுமை. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை ஆகும் வரை தொடக் கூடாது. ஒரு எழுத்துகூடப் படிக்கக் கூடாது. படித்தால் வித்தை கையை விட்டுப் போய்விடும். சொக்கலிங்கம் காலண்டர் தாளைக்கூட முந்தின நாளே கிழித்துவிடுவார். கிழிக்கும்போது கண் தவறித் தேதியைப் படித்துவிட்டால் என்ன செய்வது?

பதினோரு மணிக்குக் கற்பூரம் காட்டினார்கள். பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம். ஞானம்பாளின் அம்மா கண்ணம்மாள் எப்போதும் போலக் கடைசியில் நின்று, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ்ஸை நிறம் பார்த்து ஏறுகிறவள் அவள்.

ஞானம்பாள் கண்ணை மூடினாள். கோப்பை வேண்டாம், கைதட்டல்கூட வேண்டாம். மேலே வரும் ஒரு பந்து, அதற்குக் கீழே ஓடிவந்து எகிறும் ஒரு நொடி, அது மட்டும் திரும்ப வேண்டும் என்று கேட்டாள். உள்ளங்கை ஊறியது.

*

ஒன்றரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள் இருதயமேரி. தொண்டூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். கல்லூரியில் மூன்று வருஷமும் ஞானம்பாளுக்குப் பந்து தூக்கிக் கொடுத்தவள். இவள் தூக்க, அவள் அடிக்க, எதிரணி திணறும். தகரப் பெட்டியை வாசலில் தொப்பென்று வைத்தாள்.

"இன்னாடி, இன்னும் பொட்டி கட்டலையா? நாலு மணி பஸ்ஸ விட்டா வேற மெட்ராஸ் பஸ்ஸு கிடையாது."

"எதுக்கு மெட்ராஸ்?"

மேரி சிரித்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தாள். பிறகு தோழியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"கேம்புக்குடி. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஸ்டேடியத்துல இருக்கணும். ஒரு மாசம் பயிற்சி, அப்புறம் டீம். உனக்கு லெட்டர் வரல?"

"வரல."

"வராம இருக்காது. நான் எடுபட்டு நீ எடுபடலன்னா, அந்த ஆளுங்களுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சின்னு அர்த்தம். எனக்கு வந்து பதினஞ்சி நாளாச்சி. எங்க நைனா அதக் கோயிலுக்கு எடுத்துட்டுப் போயி மாதா காலடியில வெச்சிட்டு வந்தாரு."

பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டினாள். நீளமான காக்கி உறை. இடது மூலையில் நீல மையில் வட்டமாக ஒரு முத்திரை.

"லெட்டர் இல்லாம வந்தா கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்களாம். அதுல போட்டிருக்குது பாரு."

ஞானம்பாள் பார்க்கவில்லை. படிக்கக் கூடாத நாள் என்பதால் மட்டும் அல்ல. அந்த நீல வட்டத்தை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள். எங்கே பார்த்தோம்? சந்தனத்துக்கு அடியில், பாதி வட்டம்.

எழுந்து கடைப்பக்கம் ஓடினாள். பூஜைக்கு முன்னால் மண்டி போட்டு, கம்பிக் கொத்தைக் குனிந்து பார்த்தாள். கயிறு மில் கடிதங்களுக்குக் கீழே ஒரு காக்கி உறையின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. மூலையில் நீல வட்டம். அதன் மேல் நைனாவின் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம்.

கடிதம் வந்துதான் இருக்கிறது. பத்துப் பதினைந்து நாளாக அவள் வாசலில் நின்றபோதெல்லாம், அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

*

சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சொக்கலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"நைனா, எனக்கு வந்த கடுதாசி கம்பியில இருக்குது."

அவர் வாயில் வெற்றிலை நின்றது. "எது?"

"காக்கி உறை. இங்கிலீஷு கடுதாசி."

"ஓ, அதுவா..." என்று எழுந்து துண்டை உதறினார். "நீ தளவானூர்ல உங்க சித்தி வூட்டுக்குப் போயிருந்தப்ப வந்துது. காக்கி உறை, இங்கிலீஷு. டாக்ஸ் ஆபீஸு கடுதாசின்னு குத்திட்டேம்மா. எனக்கு இன்னா தெரியும்?"

அந்தத் தவறு அவருக்கு வரக்கூடியதுதான். காக்கி உறையில் இங்கிலீஷில் வருவதெல்லாம் அவருக்கு டாக்ஸ் ஆபீஸ். மாதம் ஒரு தடவை வரும் குமாஸ்தாதான் அதையெல்லாம் படித்துச் சொல்வார். ஞானம்பாள் அதை நம்பினாள். நம்ப வேண்டும் போலவும் இருந்தது.

"சரி நைனா. இப்ப எடுத்துக் குடுங்க. நாலு மணிக்கு பஸ்ஸு."

"இன்னிக்கா?" அவர் குரல் உயர்ந்தது. "பூஜையில வெச்சதத் தொடறதா? நாளைக்கு மறுபூஜை ஆவட்டும், மொத வேலையா எடுத்துத் தரேன்."

"நாளைக்கு எட்டு மணிக்கு நான் மெட்ராஸ்ல இருக்கணும்."

"நாளைக்குத் திண்டிவனத்துக்காரங்க வராங்க, தெரியுமில்ல?"

மேரி தன் பெட்டிமேல் உட்கார்ந்து, ஜெபமாலையைத் தேடுகிறவள் மாதிரி கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "ஐயா, நான் வேணும்னா எடுக்கறேன். எங்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் இல்ல" என்றாள்.

"எங்க வூட்டுப் பூஜைம்மா அது" என்றார் சொக்கலிங்கம். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு அவர் மகளிடம் திரும்பி, மெதுவாகச் சொன்னார். "நான் தடுக்கலம்மா. நீயே எடுத்துக்க. ஆனா இன்னிக்கு அதத் தொட்டா வித்த போயிடும். உன் வித்த எதுல இருக்குது? அந்தக் கையிலதான இருக்குது?"

ஞானம்பாளின் இடது கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போனது.

இதைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. கல்லூரியில் படித்தவள்தான், நாலு ஊர் பார்த்தவள்தான். இருந்தாலும், எடுத்த பிறகு ஒரு நாள், வலைக்கு முன்னால் எகிறும்போது, அந்தக் கை பந்தைத் தவறவிட்டால்? எதற்காகப் போகிறாளோ அதையே தொலைத்துவிட்டுப் போவதா? சின்ன வயதில் அந்தக் கையால் சாப்பிட்டதற்கும், அந்தக் கையால் கடையில் சாமான் எடுத்துக் கொடுத்ததற்கும் வாங்கிய திட்டுக்கு அளவில்லை. அப்படிப்பட்ட கைதான் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது. பூஜைக்கு முன்னால் நின்றாள். கையை நீட்டினாள். மடக்கிக்கொண்டாள். மணி மூன்றடித்தது.

"நவுருடி" என்றாள் கண்ணம்மாள்.

அடுப்படியிலிருந்து எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பூஜைக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னா பண்றே?" என்றார் சொக்கலிங்கம்.

"இன்னாங்க, எழுத்தத் தொட்டா வித்த போயிடும்னு சொல்றீங்க. அது வித்த இருக்கறவங்களுக்குத்தான?" அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்கு ஒரு எழுத்துகூடக் குடுக்காதவ, எங்கிட்டேர்ந்து எதப் புடுங்கிக்கப் போறா?"

முப்பது வருஷமாகக் கடைசியில் நின்று கும்பிட்டவள் பேசிய பேச்சு.

"எதுடி உன்னுது?"

"நீல வட்டம் போட்டது, அம்மா."

கண்ணம்மாள் கயிறு மில் கடிதங்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து கழற்றி, அடுக்கிவைத்தாள். காக்கி உறை வந்ததும் இரண்டு கையாலும் உருவினாள். மகளின் வலது கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தாள். பிறகு மற்றதையெல்லாம் பழையபடி குத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நீ இன்னிக்குப் படிக்காத. கையில வெச்சிக்கினு போ. நாளைக்கு அங்க போயிப் படிச்சிக்க. திண்டிவனத்துக்காரங்களுக்கு இன்னா சொல்லணுமோ நான் சொல்லிக்கறேன்."

*

அரை மணியில் பெட்டி கட்டியாயிற்று. பந்தைக் கேட்க ஞானம்பாளுக்கு மனம் வரவில்லை. அது காற்று நிறைந்து, சந்தனப் பொட்டோடு, கோப்பைகளுக்கு நடுவில் அப்படியே இருந்தது.

சொக்கலிங்கம் வாசலோடு நின்றுகொண்டார். பொரி கட்டிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். அவள் காலில் விழுந்து எழுந்தபோது அவர் கண் எங்கேயோ பார்த்தது.

"ஞானம், அங்க எதுனா சொன்னாங்கன்னா... கோவப்படாத."

"இன்னா சொல்லப் போறாங்க நைனா?"

"பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று உள்ளே போய்விட்டார்.

பஸ் நிலையத்தில் மேரி பெட்டிகளை மேலே ஏற்றச் சொல்லி நின்றபோது, கண்ணம்மாள் மகளின் காதோரம் கேட்டாள்.

"எகிறி அடிப்பியாமே. பேப்பர்லகூடப் போட்டாங்கன்னு சொல்லுவாங்க. நான் ஒரு தபாகூட பாத்ததில்லையே. எவ்ளோ ஒசரம் எகிறுவே?"

ஞானம்பாள் சுற்றிலும் பார்த்தாள். கடைத்தெருவில் பாதி அங்கேதான் நின்றது. பக்கத்தில் வேப்பமரம். அவள் புடவையைத் தூக்கிச் செருகினாள். மூன்று எட்டு ஓடினாள். எகிறினாள்.

ஆறு மாதமாக அடைத்துவைத்திருந்த ஏக்கமெல்லாம் அந்தக் காலில் இருந்தது. இடது கையில் ஒரு கொத்து வேப்பிலையோடு கீழே வந்தாள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் தம்ளரோடு எழுந்துவிட்டார்கள்.

கண்ணம்மாள் அந்தக் கிளையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடி ஆத்தே" என்றாள். வேப்பிலையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். பஸ் கிளம்பும் வரை, எவ்ளோ ஒசரம், எவ்ளோ ஒசரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ் கிழக்கே திரும்பியதும் கோட்டை மலைகள் முதுகுப் பக்கம் போய்விட்டன. மேரி கையை நீட்டினாள்.

"குடுடி. நீதான் படிக்கக் கூடாது. நான் படிக்கலாமில்ல?"

உறைக்குள்ளிருந்து எடுத்துப் பிரித்தாள். கம்பி குத்திய ஓட்டை நடுவில் இருந்தது. உதடு அசைய வேகமாகப் படித்துவிட்டு, ஞானம்பாளின் தொடையில் ஒரு அறை வைத்தாள்.

"பதினாலு பேருடி! உன் பேரு மூணாவது. எனக்கு வந்ததுல என் பேரு பத்தாவதுன்னு மட்டும்தான் போட்டிருந்துது. சந்தோசமா?" பிறகு கீழே பார்த்துக்கொண்டே, "வர்றீங்களா இல்லையான்னு பத்து நாளுக்குள்ள எழுதணும், எழுதலன்னா அடுத்த ஆளக் கூப்பிடுவோம்னு போட்டிருக்குது. நான் மறுநாளே எழுதிட்டேன். உனக்குத்தான் தெரியாதே, பாவம். போயி நேர்ல சொல்லிக்கலாம். உன்ன வேணாம்னு சொல்லுவாங்களா?" என்றாள்.

ஞானம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்றாவது பெயர். கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆங்கில எழுத்துகள் அவளையே பார்த்தன. அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. இன்றைக்குப் படிக்கக் கூடாது. ஒரு எழுத்துகூடக் கூடாது. தாளைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

பின்பக்கத்தில் ஊதா பென்சிலால் ஒரு வரி இருந்தது. சாய்ந்த எழுத்து, புள்ளி வைக்காத எழுத்து. அவள் பிறந்ததிலிருந்து பார்த்த எழுத்து.

'பதில் போட்டாச்சு.'

அன்றைக்கு அவள் படித்தது அந்த ஒரு வரிதான்.

"இன்னாடி?" என்றாள் மேரி. "மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?"

ஞானம்பாள் தாளை மடியோடு அழுத்திக்கொண்டாள். காற்றடித்துக்கொண்டு வந்த பந்தும், மூன்று பொட்டும், 'கோவப்படாத' என்று சொன்னபோது எங்கேயோ பார்த்த கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. யாரைக் கொண்டு படித்தார்? யாரைக் கொண்டு எழுதினார்? வருவாள் என்றா, வரமாட்டாள் என்றா? அவள் பெயருக்கு அங்கே இன்னும் இடம் இருக்கிறதா?

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று டிக்கெட் புத்தகத்தைத் தட்டினார்.

"எங்கம்மா, திண்டிவனமா, மெட்ராஸா?"

பஸ் குலுங்கியது. அவர் மறுபடி கேட்டார்.

"திண்டிவனமா, மெட்ராஸா?"

"மெட்ராஸ்" என்று பணத்தை நீட்டினாள் ஞானம்பாள்.

கண்டக்டர் முகம் சுளித்தார். "சோத்துக் கையால குடும்மா, நல்ல நாளும் அதுவுமா."

அவள் கையை மாற்றவில்லை.